பழனிமலையின் முதிர்ந்த பைன் தோட்டங்கள்: விடுவதா, வெட்டுவதா, மெல்ல மாற்றுவதா?

கொடைக்கானலிலிருந்து மன்னவனூர் செல்லும் சாலையோரத்தில், காற்றில் சாய்ந்து, போக்குவரத்துக்காக அறுத்து ஒதுக்கப்பட்ட ஒரு பைன் மரத்தின் அடிக்கட்டை அருகே ஒரு முற்பகலைக் கழித்தேன். நடுப்புள்ளியிலிருந்து விரலை வெளிநோக்கி நகர்த்தினால், முதல் பத்துப் பன்னிரண்டு வளையங்கள் ஒவ்வொன்றும் பென்சில் கனத்துக்கு இருந்தன. அதன்பின் அவை படிப்படியாக ஒடுங்கின. பட்டையை ஒட்டிய கடைசி வளையங்களை நகநுனியால் தடவித்தான் பிரித்தறிய முடிந்தது. வெப்பமண்டல மலையில் ஒரு வளையம் ஓர் ஆண்டுக்குச் சமம் என்று திட்டமாகச் சொல்ல முடியாது என்றாலும், மரம் தன் வாழ்நாளில் எப்போது வேகமாகப் பருத்தது, எப்போது தளர்ந்தது என்பதை அந்தக் கட்டை மறைக்கவில்லை. பழனிமலையின் மேல்மட்டத்தில் நிற்கும் பைன் தோட்டங்களை என்ன செய்வது என்று இன்று எழுந்திருக்கும் கேள்விக்கு விடை தேட அந்த வளையங்களே நல்ல தொடக்கம் என்று எனக்குத் தோன்றுகிறது.

இங்கு நிற்பவற்றுள் பெரும்பாலானவை மெக்சிகோவைத் தாயகமாகக் கொண்ட 'பைனஸ் பாட்டுலா' வகையைச் சேர்ந்தவை. தொங்கும் நீண்ட ஊசியிலைகளைக் கொண்டு எளிதில் அடையாளம் காணலாம். சுற்றுலாப் பயணிகள் படமெடுத்துக்கொள்ளும் பைன் காடு என்பது இவற்றின் ஒரு சிறு துண்டுதான். பைன், சீகை (வாட்டில் எனப்படும் அயல்மரம்), தைலமரம் ஆகிய மூன்றும் சேர்ந்து, சோலை எனப்படும் உயர்மலைப் பசுமைக்காடுகளுக்கு இடையே விரிந்திருந்த புல்வெளியை எந்த அளவுக்கு விழுங்கின என்பதைச் செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு 2018-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளில் பழனிமலையின் உயர்மட்டப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு மறைந்துவிட்டது. வேளாண்மைக்கும் அதில் பங்குண்டு.

இப்போது இரண்டு குரல்கள் உரக்கக் கேட்கின்றன. 'அயல்மரம், ஆகவே அனைத்தையும் அகற்றுக' என்பது ஒன்று. 'புவி வெப்பமாகும் காலத்தில் இத்தனை கார்பனைச் சுமந்து நிற்கும் மரத்தில் கோடரி வைப்பதா' என்பது மற்றொன்று. இரண்டாவது குரலை நான் அலட்சியம் செய்யவில்லை. அது நியாயமான கவலையிலிருந்து பிறப்பது. ஆனால் இரண்டுமே ஒரு தோட்டத்தின் வயதைக் கேட்பதில்லை. பைன் தோட்டம் கார்பனைச் சேர்க்கும் விதம் வயதோடு மாறுவதால், பத்து வயதுத் தோட்டத்துக்குச் சரியான முடிவு ஐம்பது வயதுத் தோட்டத்துக்குத் தவறாகலாம். நம் முன் நான்கு வழிகள் இருக்கின்றன: அப்படியே விட்டுவிடுவது, வெட்டி மீண்டும் பைனையே நடுவது, ஒரே மூச்சில் அகற்றிப் புல்வெளியை மீட்பது, இடைவெளி விட்டு மெல்லக் கலைத்துச் சோலை மரங்களுக்கு வழிவிடுவது. அவற்றை ஒப்பிடுவதற்கு முன் வயதுக் கணக்கைச் சற்று நின்று பார்க்க வேண்டும்.

வளையம் சொல்லும் கணக்கு

நாற்று நட்ட முதல் சில ஆண்டுகளில் ஒரு பைன் தோட்டம் பெரும்பாலும் கார்பனைச் சேர்ப்பதில்லை, இழக்கவே செய்கிறது. குழி தோண்டி மண்ணைக் கிளறும்போது அதிலுள்ள மட்கு காற்றுபட்டு வேகமாகச் சிதைகிறது. சிறு நாற்றுகள் உள்ளிழுக்கும் கரியமில வாயு அந்த இழப்பை ஈடுகட்டப் போதாது. மரங்களின் கிளைகள் ஒன்றையொன்று தொட்டு மேற்கவிகை மூடியதும் நிலைமை தலைகீழாகிறது. அந்தத் தோட்டம் தாங்கக்கூடிய இலைப்பரப்பு முழுவதும் அப்போது வந்துவிடுகிறது. பிடிக்கும் கார்பனின் பெரும்பகுதி தண்டுக்குப் போகிறது. 18 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஓர் இளமரம் ஓராண்டில் ஒரு சென்டிமீட்டர் பருத்து, 12 மீட்டரிலிருந்து 13 மீட்டருக்கு உயர்ந்தால், அதன் மரக்கன அளவு அந்த ஓராண்டிலேயே ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூடிவிடுகிறது. அடிக்கட்டையில் நான் பார்த்த பென்சில் கன வளையங்கள் இந்தப் பருவத்துக்கு உரியவை.

பின்னர் ஏன் தளர்கிறது? உயரம் கூடக்கூட வேரிலிருந்து உச்சி ஊசிவரை நீரைத் தூக்குவது கடினமாவதால், இலைத்துளைகள் பகலில் முன்னதாகவே மூடிக்கொள்கின்றன. தரையில் மெத்தையாகக் குவியும் ஊசிச் சருகு மெதுவாக மட்குவதால், தழைச்சத்து முதலிய ஊட்டங்கள் அதற்குள்ளேயே முடங்கிக் கிடக்கின்றன. நெருக்கத்தில் தோற்ற மரங்கள் ஒவ்வொன்றாகக் காய்ந்து சாய்கின்றன. இந்தக் காரணங்களுள் எது எவ்வளவு என்பதில் காட்டியலாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் சமவயதுத் தோட்டத்தின் ஆண்டு வளர்ச்சி ஓர் உச்சத்தைத் தொட்டு இறங்குகிறது என்பதில் இல்லை.

இங்கே ஒரு குழப்பத்தைத் தெளிவுபடுத்தியாக வேண்டும். 403 மர இனங்களை ஆராய்ந்து 2014-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, பெரும்பாலான இனங்களில் மரம் பெரிதாகப் பெரிதாக ஆண்டுதோறும் அது சேர்க்கும் எடையும் கூடுகிறது என்று கண்டது. இதை வைத்து 'முதிர்ந்த மரமே அதிகம் சேர்க்கிறது, ஆகவே முதிர்ந்த தோட்டமும் அப்படியே' என்று வாதிடுவோர் உண்டு. தனி மரத்துக்குப் பொருந்துவது தோட்டத்துக்குப் பொருந்துவதில்லை. எக்டேருக்கு ஆயிரத்துக்கு மேல் நின்ற மரங்கள் நானூறாகக் குறையும்போது, எஞ்சியவை நன்றாக வளர்ந்தாலும் நிலத்தின் மொத்த வருவாய் சரிகிறது.

ஒரு மரத்தை எடுத்துக் கணக்கிட்டுப் பார்ப்போம். மார்பளவு உயரத்தில் 40 சென்டிமீட்டர் விட்டமும் 28 மீட்டர் உயரமும் உள்ள பைனின் தண்டில், மேல்நோக்கிச் சிறுத்துச் செல்வதைக் கழித்தால், சுமார் 1.4 கன மீட்டர் மரம் இருக்கும். ஈரம் நீக்கினால் கன மீட்டருக்கு 420 கிலோ என்று வைத்துக்கொண்டால் தண்டு மட்டும் 590 கிலோ. கிளைக்கும் ஊசிக்கும் அதில் ஐந்தில் ஒரு பங்கும், வேருக்கு நிலத்துக்கு மேலிருப்பதில் கால் பங்கும் சேர்த்தால் 890 கிலோ. இதில் பாதி கார்பன். அதைக் கரியமில வாயுவாக மாற்ற 3.67-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 1,630 கிலோ வருகிறது. எக்டேருக்கு இத்தகைய மரங்கள் 400 நின்றால் 650 டன். மதிப்பீடுதான், ஆனால் அடிப்படை எண்களை மறைக்காமல் வைத்திருப்பதால் யாரும் தம் தோட்டத்து அளவுகளை இட்டுத் திருத்திக்கொள்ளலாம்.

அடுத்த படிதான் முக்கியமானது. அந்த முதிர்ந்த மரம் ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் கன வளையம் போடுகிறது என்றால் விட்டம் இரண்டு மில்லிமீட்டர் கூடுகிறது. மரத்தின் எடை நூற்றுக்கு ஒன்று கூடுகிறது. அதாவது மரத்துக்கு 16 கிலோ, எக்டேருக்கு ஆறரை டன் கரியமில வாயு. அதே ஆண்டில் நூறில் ஒரு மரம், அதாவது எக்டேருக்கு நான்கு மரங்கள், காற்றிலோ நோயிலோ சாய்ந்தால் அவை சுமந்திருந்ததும் ஆறரை டன்தான். சாய்ந்தவை ஒரே நாளில் மட்கிவிடுவதில்லை என்பதால் இழப்பு பல ஆண்டுகளுக்குப் பரவும். ஆனாலும் காலப்போக்கில் வரவும் செலவும் நேராகிவிடுகின்றன. ஆக, முதிர்ந்த பைன் தோட்டத்தின் இருப்பு பெரிது, ஆண்டு வருவாய் சிறிது. இருப்பையும் வருவாயையும் ஒன்றாகக் குழப்புவதே இந்த விவாதத்தின் பெரும் பிழை என்பது என் கருத்து.

கண்ணுக்குத் தெரியாத பக்கம்

மேற்சொன்ன கணக்கு மரத்தை மட்டுமே கண்டது. மண்ணைப் பார்க்காமல் எந்த ஒப்பீடும் நிறைவு பெறாது. உயர்மட்டப் புல்வெளியில் நிலத்துக்கு மேல் தெரியும் புல் அற்பமானது; அதன் சேமிப்பு முழுவதும் வேரிலும், குளிரில் மெதுவாகச் சிதையும் கரிய மேல்மண்ணிலும் இருக்கிறது. மன்னவனூர்ப் பக்கத்துப் புல்வெளியில் ஒரு கைப்பிடி மண்ணை எடுத்துப் பிசைந்தால் விரலிடுக்கில் மை போல ஒட்டுகிறது. மயிரிழை வேர்கள் பின்னிக் கிடப்பதால் கட்டி எளிதில் உதிர்வதில்லை. அங்கிருந்து சில நூறு அடி தள்ளிப் பைன் நிழலில் நான்கு விரற்கடைச் சருகை விலக்கி எடுத்த மண் வெளிறிப் பொலபொலவென்று உதிர்ந்தது. ஓர் இடத்தில் பார்த்ததை வைத்து மலை முழுவதற்கும் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

ஆனால் பிற நாடுகளில் அளந்தவை இதே திசையைக் காட்டுகின்றன. ஈக்குவடாரின் ஆண்டிஸ் மலைப் புல்வெளிகளில் பைன் நட்ட இடங்களை வயதுவாரியாக அளந்து 2004-இல் வெளியிட்ட ஆய்வில், மேல் பத்து சென்டிமீட்டர் மண்ணில் சதுர மீட்டருக்கு 5 கிலோவாக இருந்த கார்பன், 20 முதல் 25 வயதுப் பைன் தோட்டத்தின் கீழ் 3.5 கிலோவாகக் குறைந்திருந்தது. எக்டேர்க் கணக்கில் அது 15 டன் கார்பன், கரியமில வாயுவாக 55 டன். 74 ஆய்வுகளைத் தொகுத்து 2002-இல் வெளிவந்த ஒரு மதிப்பீடும், மேய்ச்சல் நிலத்தை மரத்தோட்டமாக்கினால் மண் கார்பன் சராசரியாகப் பத்து விழுக்காடு குறைகிறது என்றும், அகன்ற இலை மரங்களைவிட ஊசியிலை மரங்களின் கீழ் இழப்பு மிகுதி என்றும் சொன்னது.

நேர்மையாகச் சொல்ல வேண்டுமானால், மண்ணில் போன 55 டன், மரத்தில் சேர்ந்த 650 டன்னுக்கு ஈடாகாது. புல்வெளி ஆதரவாளர்கள் சிலர் இந்த எண்களைத் தவிர்த்துவிடுகிறார்கள். அது நம் தரப்புக்கு நல்லதன்று. கார்பன் எடையை மட்டும் தராசில் இட்டால் முதிர்ந்த பைன் தோட்டமே கனக்கும். கேட்க வேண்டியது வேறு: அந்த எடை எவ்வளவு பாதுகாப்பாக இருக்கிறது, இன்னும் எவ்வளவு கூடும், அதற்காக மலை எதைக் கொடுத்துக்கொண்டிருக்கிறது?

கொடுப்பவற்றுள் முதன்மையானது நீர். புல்வெளியிலும் புதர்நிலத்திலும் மரம் நட்ட 26 நீர்ப்பிடிப்புப் பகுதிகளின் அளவீடுகளைத் தொகுத்த 2005-ஆம் ஆண்டு ஆய்வு, புல்வெளியில் மரம் நட்டால் ஓடைநீர் சராசரியாக 44 விழுக்காடு குறைவதாகவும், பைன் மட்டும் என்றால் ஏறத்தாழ 40 விழுக்காடு என்றும் கண்டது. அருகிலேயே, நீலகிரியின் கிளன்மார்கனில் நடந்த நீண்டகால ஆய்வில், தைலமரம் நட்ட பகுதியில் நீர்வரத்து முதல் பத்தாண்டுச் சுற்றில் 16 விழுக்காடும் இரண்டாம் சுற்றில் 25 விழுக்காடும் குறைந்தது. அது பைன் அன்று; ஆனால் அதே வகைப் புல்வெளி, அதே பருவமழை. பழனிமலையின் மேல்மட்டத்தில் ஊறும் நீர்தான் பேரிஜம் ஏரி வழியாகச் சோத்துப்பாறைக்கும், வேறு ஓடைகள் வழியாக அமராவதிக்கும் பழனி வட்டாரத்துக்கும் இறங்குகிறது. பங்குனி சித்திரையில் குடத்தோடு காத்திருக்கும் அடிவாரத்து வீட்டுக்கு, மேலே சேமித்த கார்பனின் விலை அந்தக் குடத்திலேயே கழிக்கப்படுகிறது. இதை ஒப்பீட்டின் ஓரத்தில் வைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

நான்கு வழிகள்

அப்படியே விட்டுவிடும் வழிக்கு உடனடிச் செலவு இல்லை. 650 டன் இருப்பு இன்றைக்கு அசையாமல் இருக்கிறது. வேலைப்பளு மிகுந்த எந்தத் துறைக்கும் இது இயல்பாகவே பிடித்துப்போகும். அதன் குறை, அந்த இருப்பு எந்தக் காப்பும் இல்லாமல் நிற்பது. 2018 நவம்பரில் கஜா புயல் கொடைக்கானல் வழியாகச் சென்றபோது மரங்கள் சாய்ந்து மலைச்சாலைகள் துண்டிக்கப்பட்டதை இங்குள்ளோர் மறந்திருக்க மாட்டார்கள். ஒரே வயதில், ஒரே உயரத்தில் நிற்கும் மரங்களில் ஒரு வரிசை சாய்ந்தால் அடுத்த வரிசைக்கு இருந்த காற்றுமறைப்பும் போய்விடுகிறது. கோடையில் தீ இன்னொரு கவலை. பிசின் கலந்த ஊசிச் சருகு, ஆண்டுக்கணக்கில் மட்காமல் கிடந்து, ஒரு பீடித்துண்டுக்குக் காத்திருக்கிறது. புல்வெளியும் எரியும், ஆனால் அதன் சேமிப்பு நிலத்தடியில் இருப்பதால் அடுத்த மழைக்குத் துளிர்த்துவிடும். பைனின் சேமிப்போ தீயின் பாதையிலேயே நிற்கிறது.

விட்டுவிடுவதற்கு எதிரான இன்னொரு காரணம் விதை. பாட்டுலாவின் காய்கள் பல ஆண்டுகள் மூடியபடியே கிளையில் தங்கியிருந்து, வெப்பம் பட்டால் திறக்கும் இயல்புடையவை. சிறகுள்ள விதை காற்றில் பறந்து அடுத்த புல்மேட்டில் இறங்குகிறது. ஆக, தோட்டத்தை விட்டுவிடுகிறோம் என்பது உண்மையில் தோட்டத்தின் எல்லை ஆண்டுதோறும் நகர இசைகிறோம் என்பதாகும்.

வெட்டி மீண்டும் பைனையே நடும் இரண்டாம் வழியை விரைவாகவே கடந்துவிடலாம். வளர்ச்சி உச்சத்தில் இருக்கும் இளம் பருவத்தைத் திரும்பத் திரும்பப் பெறலாம் என்பது இதன் வாதம். ஆனால் முப்பது ஆண்டுக்கு ஒருமுறை வெட்டப்படும் நிலத்தின் கார்பன் இருப்பு, ரம்பப்பல் போல ஏறி இறங்கும். அதன் நீண்டகாலச் சராசரி உச்சத்தின் பாதியை ஒட்டியே இருக்கும். நியூசிலாந்தின் உமிழ்வு வணிகத் திட்டம் இதை உணர்ந்து, இந்த நீண்டகாலச் சராசரியை வைத்துக் கணக்கிடும் முறையில் சேர்ந்த ரேடியாட்டா வகைப் பைன் தோட்டங்களுக்கு 16 வயதுவரை சேர்ந்த கார்பனுக்கு மட்டுமே வரவு தருகிறது. வெட்டிய மரம் எங்கே போகிறது என்பதும் கேள்வி. பருவநிலை மாற்றத்துக்கான ஐ.நா. நிபுணர் குழுவின் கணக்கீட்டு நெறிமுறையில், அறுத்த பலகையின் அரைவாழ்வு, அதாவது அதிலுள்ள கார்பனில் பாதி காற்றுக்குத் திரும்பும் காலம், 35 ஆண்டு, ஒட்டுப்பலகை போன்றவற்றுக்கு 25, காகிதத்துக்கு வெறும் 2. கூழுக்கும் பெட்டிப்பலகைக்கும் போகும் பைன், காற்றுக்குத் திரும்ப நெடுங்காலம் எடுத்துக்கொள்ளாது. செங்குத்துச் சரிவில் மொட்டையடித்தால் நேர்வதை 2023 பிப்ரவரியில் கேப்ரியல் புயலின்போது நியூசிலாந்தின் கிஸ்போர்ன் பகுதி கண்டது: வெட்டிய பைனின் கழிவுகள் வெள்ளத்தில் இறங்கிப் பாலங்களையும் வயல்களையும் கடற்கரையையும் அடைத்தன. 2013-இல் கானுயிர்ச் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட மலைக்கு இந்த வழி பொருந்தவே பொருந்தாது.

ஒரே மூச்சில் அகற்றிப் புல்வெளியை மீட்கும் மூன்றாம் வழி என் மனத்துக்கு மிக நெருக்கமானது. ஆகவே அதைக் கூடுதல் கண்டிப்போடு பார்க்கிறேன். நீர் திரும்பும், வரையாட்டுக்கும், 2018-இல் பூத்து இனி 2030-இல் பூக்க வேண்டிய குறிஞ்சிக்கும் வெளி கிடைக்கும். பைனுக்கு ஒரு நல்ல குணமும் உண்டு: தைலமரம் போல அதன் அடிக்கட்டை மறுபடி துளிர்ப்பதில்லை. ஆனால் முதிர்ந்த தோட்டத்தை ஒரே பருவத்தில் மொட்டையடித்தால், எக்டேருக்கு 650 டன் இருப்பின் பெரும்பகுதி சில பத்தாண்டுகளில் காற்றுக்குப் போகும். அதைவிட உடனடியான ஆபத்து, வெளிச்சம் பட்டவுடன் எழுவது புல்லாக இராது என்பது. சீகை விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உறங்கிக் கிடக்கவல்லது. அருகில் சீகை நின்ற இடமானால், பைனை வெட்டிய மறு ஆண்டே முழங்கால் உயரச் சீகைக் காடு முளைத்து நிற்கும். ஐம்பது ஆண்டு நிழலில் கிடந்த மண்ணில் புல்லின் விதையோ வேரோ எஞ்சியிருக்க வாய்ப்பு குறைவு. சருகு மெத்தை விலகிய சரிவில் வடகிழக்குப் பருவமழை இறங்கினால், மிச்சமிருக்கும் மேல்மண்ணும் ஓடைக்குப் போய்விடும்.

ஆனால் இதே வழி, இளம் பைன் முளைத்த புல்மேட்டில் முற்றிலும் வேறு முகம் காட்டுகிறது. தானாக விதைபட்டு முளைத்த ஐந்து வயதுப் பைன், நான்கு மீட்டர் உயரமும் ஆறு சென்டிமீட்டர் விட்டமும் கொண்டது, சுமப்பது பத்துக் கிலோ கரியமில வாயுவுக்கும் குறைவு. நூற்றைம்பதுக்கு மேற்பட்ட அத்தகைய கன்றுகளை அகற்றினாலும் ஒரு முதிர்ந்த மரம் சுமக்கும் அளவுக்கு ஈடாகாது. அடியில் புல் இன்னும் உயிரோடிருக்கிறது; மண்ணின் கார்பன் இன்னும் போகவில்லை; இரண்டு ஆட்கள் ஒரு கைரம்பத்தோடு ஒரு நாளில் பெரும்பரப்பை முடித்துவிடலாம். பத்து ஆண்டு தாமதித்தால் ஒவ்வொரு கன்றும் வேக வளர்ச்சிப் பருவத்துக்குள் நுழைந்து, காய் பிடித்து, அடுத்த மேட்டுக்கு விதை அனுப்பத் தொடங்கியிருக்கும். அகற்றும் செலவும் கார்பன் இழப்பும் ஒருசேரப் பன்மடங்காகும். குறைந்த கார்பனை விட்டுக்கொடுத்து மிகுந்த பயனைப் பெறும் இடம் இந்த ஓரங்கள்தான். இவ்வளவு தெளிவான கணக்கு இருந்தும் பேச்செல்லாம் சாலையோரத்துப் பெருமரங்களைச் சுற்றியே நடப்பது எனக்கு வேதனையளிக்கிறது.

நான்காம் வழி, மெல்லக் கலைப்பது. சில வரிசைகளை எடுத்து ஒளி இறங்க இடம்விட்டு, சோலை மரங்கள் மேலெழுந்த பின் அடுத்த வரிசைகளை எடுப்பது. இதற்கு நல்ல முன்மாதிரி இலங்கையின் சிங்கராஜக் காட்டின் விளிம்பில் இருக்கிறது. அங்கு முன்பு நட்டிருந்த கரீபியப் பைன் தோட்டத்துக்குள், பேராதனைப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்களும் அமெரிக்க ஆய்வாளர்களும் சேர்ந்து உள்நாட்டு மழைக்காட்டு மரங்களின் கன்றுகளை நட்டு, வெவ்வேறு எண்ணிக்கையில் பைன் வரிசைகளை நீக்கிப் பார்த்தனர். முழு நிழலில் கன்றுகள் பிழைத்தனவே தவிர ஓங்கவில்லை; மூன்று வரிசைகளை நீக்கிய இடத்தில் நன்கு வளர்ந்தன. இங்கே பைன், வெயிலையும் களையையும் தடுத்து நிற்கும் செவிலியாகப் பயன்படுகிறது. அது தாழ்மட்ட மழைக்காடு. பழனிமலையின் குளிருக்கும் உறைபனிக்கும் அதே இடைவெளி அளவு பொருந்தும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அந்தக் கொள்கை இங்கும் செல்லும். சோலையை ஒட்டிய பைன் தோட்டங்களில், பழம் தின்னும் பறவைகள் விதை கொண்டுவரும் இடங்களில், சருகைத் துளைத்துக்கொண்டு நாவல் இனக் கன்றுகளும் பிற சோலைக் கன்றுகளும் எழுவதைக் கவனித்து நடப்பவர் எவரும் காணலாம்.

கார்பன் கணக்கிலும் இந்த வழிக்குத் தனிச் சிறப்பு உண்டு. எடுக்கும் மரத்தை வெட்டாமல், அடியில் ஒரு சாண் அகலத்துக்குப் பட்டையைச் சுற்றிலும் உரித்து நின்றபடியே காயவிட்டால், அதன் கார்பன் பல ஆண்டுகளாக மெல்லக் கசியும். அதற்குள் வளரும் சோலைக் கன்றுகள் அதில் ஒரு பகுதியை உள்வாங்கிக்கொள்ளும். சோலை மரம் பைன் போல விரைந்து பருக்காது. ஐம்பது ஆண்டில் பைன் சேர்த்ததைச் சேர்க்க அதற்கு அதனினும் நெடுங்காலம் ஆகும். ஆனால் பல வயதும் பல இனமும் கலந்த காட்டில் ஒரு மரம் சாய்ந்தால் அந்த இடம் மட்டுமே காலியாகும். எல்லாம் ஒருசேர முதிர்ந்து, ஒருசேரத் தளரும் நிலை வராது. இதன் குறை பொறுமையும் தொடர்ச்சியும் வேண்டும் என்பதுதான். பாதை ஓரத்திலும் ஆள் நடமாடும் இடத்திலும் காய்ந்த மரத்தை நிறுத்தி வைக்க முடியாது. அங்கே வெட்டித்தான் ஆக வேண்டும்.

இடத்துக்கு ஏற்ற முடிவு

ஆகவே ஒரே ஆணையால் மலை முழுவதையும் தீர்க்க முயலக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து. புல்மேடுகளில் சிதறி முளைத்த இளம் பைன்களை இந்த ஆண்டே, மற்ற எதற்கும் முன்பாக, அகற்ற வேண்டும். சோலையை ஒட்டி நிற்கும் முதிர்ந்த தோட்டங்களில் நான்காம் வழியைத் தொடங்கி, இருபது முப்பது ஆண்டுக்குத் திட்டமிட வேண்டும். முகட்டில், சுற்றிலும் புல் இருக்க நடுவில் தீவாக நிற்கும் முதிர்ந்த தோட்டங்களைப் புல்லாகவே மீட்க வேண்டும். ஆனால் ஓரத்திலிருந்து உள்நோக்கி, ஆண்டுக்கு ஒரு பட்டையாக, அடுத்த நிலத்துப் புல் தானே உள்ளே நகரும் வேகத்துக்கு ஏற்ப. சோலையும் இல்லாமல் புல்லும் இல்லாமல், சீகைக் காட்டுக்கு நடுவே செங்குத்துச் சரிவில் நிற்கும் பைனை இப்போதைக்கு விட்டுவிடலாம். அங்கே நாம் கைவைத்தால் சீகைதான் வெல்லும். அதன் 650 டன் அங்கேயே இருக்கட்டும், தீத்தடுப்புக் கோடு மட்டும் ஆண்டுதோறும் வெட்டப்படட்டும்.

நீலகிரிச் சதுப்புநிலக் கரிமண்ணை ஆராய்ந்து 1993-இல் வெளியான ஆய்வு, கடந்த இருபதாயிரம் ஆண்டுகளில் ஈரமும் வறட்சியும் மாறமாறப் புல்லும் சோலையும் மாறிமாறிப் பரந்திருந்ததைக் காட்டியது. மரம் இல்லாத புல்வெளியைத் தரிசு என்று பதிவேட்டில் எழுதிய காலத்தில் அந்தப் பழமையை யாரும் கேட்கவில்லை. இப்போது, கார்பன் வரவை, அதாவது சேமித்த கார்பனுக்குக் கிடைக்கும் சான்றை, விற்பதற்காக மறுபடியும் மரம் நடுவது பற்றிப் பேச்சு எழும்போது, அதே எழுத்துப்பிழை புதிய மையில் திரும்பிவிடுமோ என்று அஞ்சுகிறேன். ஏற்கெனவே நின்று முதிர்ந்த தோட்டத்தின் கார்பன், இனி யாருக்கும் புதிய வரவாகாது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

எந்த வழியைத் தேர்ந்தாலும் செலவின் பெரும்பகுதி வெட்டும் நாளில் முடிவதில்லை. தென்னாப்பிரிக்கா, நீரை உறிஞ்சும் அயல்மரங்களை அகற்றுவதற்கென்றே 1995-இல் தேசிய அளவில் திட்டம் தொடங்கி, உள்ளூர் மக்களுக்கு அதில் கூலி வேலையும் தந்தது. தொடர்ந்து சென்று கன்று பிடுங்காத இடங்களில் மரங்கள் மறுபடி அடர்ந்தன. இங்கும் ஓர் எக்டேருக்குப் பணம் ஒதுக்கும்போதே இரண்டாம் ஆண்டு, நான்காம் ஆண்டு, ஏழாம் ஆண்டுக் களையெடுப்புக்கான கூலியைச் சேர்த்தே ஒதுக்க வேண்டும். பைன் காய் பிடிக்கும் வயதுக்கு முன்பாக அந்த மூன்று நடைகளும் முடிந்தாக வேண்டும். கவுஞ்சி, பூம்பாறை, மன்னவனூர்ப் பக்கத்து ஊர்களில் இந்த மேடுகளை அங்குலம் அங்குலமாக அறிந்தவர்கள் இருக்கிறார்கள். முளைத்த கன்று பைனா, சீகையா, சோலைக்கன்றா என்று விரலளவில் இருக்கும்போதே அவர்களால் சொல்ல முடியும். முதல் மழை பெய்து மண் இளகிய வாரத்தில் அவர்களை அழைத்தால், ரம்பம்கூட வேண்டாம். கையாலேயே வேரோடு வந்துவிடும்.